அடுத்த கான்ட்ராக்ட்டிடம் கேட்டு வாங்குவது

மார்ச் 3, 2025

எத்தீரியம் என்ற பிளாக்செயினில் ஒளிவுமறைவு கிடையாது. எந்த கான்ட்ராக்ட்டின் (செயினில் ஓடும் நிரல்) எந்த ஸ்லாட்டில் (அதன் ஸ்டோரேஜில் ஓர் அறை) என்ன இருக்கிறது என்று ஒரு நோடிடம் (செயினின் நகலை வைத்திருக்கும் கணினி) கேட்டால் சொல்லிவிடும். பிரைவேட் என்று எழுதி வைத்திருந்தாலும் சரி. ஆனால் செயினுக்குள்ளேயே ஓடும் இன்னொரு கான்ட்ராக்ட்டுக்கு அந்த வசதி இல்லை. தன் ஸ்டோரேஜைப் படிக்க எஸ்லோட் என்ற ஓப்கோட் (அடிப்படைக் கட்டளை) இருக்கிறது. அடுத்ததன் ஸ்டோரேஜைப் படிக்க ஓப்கோடே கிடையாது. அடுத்த முகவரியின் ஈத்தர் (எத்தீரியத்தின் நாணயம்) இருப்பும் அதன் கோடும் மட்டும் நேரே தெரியும். மற்றதெல்லாம் கேட்டுத்தான் வாங்க வேண்டும், அதுவும் எழுதியவர் அதற்கு ஒரு ஃபங்ஷன் வைத்திருந்தால்.

மார்ச் 5

கேட்பது ஸ்டாட்டிக்கால் என்ற, படிக்க மட்டுமேயான அழைப்பு வழியாக. 2017 அக்டோபரில் பைசான்டியம் என்ற அப்கிரேடோடு வந்தது. கேட்கப்பட்ட கான்ட்ராக்ட் எதையாவது மாற்ற முயன்றால் அந்த அழைப்பே தோற்றுவிடும். ஃபங்ஷனின் பெயர் அப்படியே போவதில்லை. பெயரையும் அது வாங்கும் வகைகளையும் கெச்சாக்-256 என்ற ஹாஷ் ஃபங்ஷனில் போட்டு, வருவதில் முதல் 4 பைட் மட்டும் போகிறது.

பதில் வெறும் பைட்டுகள். அதற்கு என்ன அர்த்தம் என்பது கேட்டவர் பாடு. மேக்கர் என்ற கடன் திட்டத்தின் எம்கேஆர் டோக்கனிடம் அதன் குறியீட்டைக் கேட்டால் ஸ்ட்ரிங் (எந்த நீளமும் உள்ள எழுத்துத் தொடர்) வராது, பைட்ஸ்32 (நிலையான 32 பைட்) வரும். ஸ்ட்ரிங் என்று நம்பிப் பிரிக்கும் கோட் அங்கேயே ரிவர்ட் ஆகிவிடும் (செய்தது ரத்தாகி நின்றுவிடும்). அந்த ஒரு டோக்கனுக்காக எத்தனை லைப்ரரிகளில் தனி வழி எழுதி வைத்திருக்கிறார்களோ!

மார்ச் 6

கேஸ் (ஒவ்வொரு செயலுக்கும் ஆகும் கட்டண அளவு) கணக்கு. ஒரு டிரான்சாக்‌ஷனில் ஒரு முகவரியை முதல் தடவை தொட 2600, அங்கே ஒரு ஸ்லாட்டை முதல் தடவை படிக்க 2100. அடுத்த தடவை இரண்டும் நூறு நூறுதான். 2021 பெர்லின் அப்கிரேடிலிருந்து இப்படி.

மார்ச் 11

இன்று முழுக்க கர்வ் என்ற டோக்கன் பரிமாற்றத் தளத்தின் பூல்கள் (பலர் டோக்கன்களைப் போட்டு வைக்கும் பொது இருப்புகள்). கர்வின் விர்ச்சுவல் பிரைஸ் ஒரு வியூ ஃபங்ஷன். எதையும் மாற்றாது, யாரும் கூப்பிடலாம். கடன் கொடுக்கும் பல கான்ட்ராக்ட்கள் எல்பி டோக்கனின் (பூலில் போட்டவருக்குக் கிடைக்கும் பங்குச் சீட்டு) விலைக்கு அதைத்தான் நம்பின.

இப்போது ஒருவர் பூலிலிருந்து பணத்தை எடுக்கிறார். எல்பி டோக்கன் முதலில் எரிக்கப்படுகிறது. அப்புறம் ஈத்தர் அனுப்பப்படுகிறது. அனுப்பிய நொடியில் வாங்குபவரின் கோட் ஓடத் தொடங்கும். இரண்டாவது டோக்கன் இன்னும் பூலிலேயே இருக்கிறது. மொத்த எல்பி குறைந்துவிட்டது, பூலின் சொத்து முழுதாகக் குறையவில்லை. அந்த இடைவெளியில் விலையைக் கேட்டால் கூடுதலாகச் சொல்லும். பணத்தை நகர்த்தும் ஃபங்ஷன்களுக்குப் பூட்டு இருந்தது, ஒன்று முடியுமுன் இன்னொன்றைக் கூப்பிட முடியாது. படிப்பதற்கு எதற்குப் பூட்டு என்று விட்டுவிட்டார்கள்.

செயின்செக்யூரிட்டி என்ற தணிக்கை நிறுவனம் 2022 இல் இதை வெளியில் சொன்னது. அப்படியும் 2023 பிப்ரவரியில் ஆர்பிட்ரம், ஆப்டிமிசம் என்ற இரண்டு செயின்களிலும் டிஃபோர்ஸ் என்ற கடன் திட்டம் இதே வழியில் சுமார் 36 லட்சம் டாலரை இழந்தது. (எடுத்தவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.)

மார்ச் 12

இதற்கு ஒரு தீர்வு: விலையைக் கேட்குமுன் அந்தப் பூலில் பூட்டுள்ள ஏதாவது ஒரு ஃபங்ஷனை, பூஜ்ஜியத் தொகையோடு, சும்மா தட்டிப் பார்ப்பது. பூல் பாதி வேலையில் இருந்தால் ரிவர்ட் ஆகும். வேலை செய்கிறது, ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. படிப்பதற்காக எழுதும் ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. பூட்டு நிலவரத்தைச் சொல்ல பூலே ஒரு கெட்டர் (மதிப்பைச் சொல்ல மட்டுமேயான ஃபங்ஷன்) வைத்திருந்தால் போதுமே.

மார்ச் 18

இரண்டு நேரெதிர் மனப்பான்மைகள். மேக்கரின் விலை ஆரக்கிள் (வெளி விலையைச் செயினுக்குள் தரும் கான்ட்ராக்ட்), தன் பட்டியலில் உள்ள கான்ட்ராக்ட்களுக்கு மட்டும் பதில் சொல்லும். வெளியிலிருந்து நான் அதே எண்ணை இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். 2025 ஜனவரியில் வந்த, யூனிஸ்வாப் என்ற பரிமாற்றத் தளத்தின் வி4 அதற்கு மாறாக, எக்ஸ்ட்எஸ்லோட் என்று ஒரு ஃபங்ஷன் வைத்து, எந்த ஸ்லாட்டை வேண்டுமானாலும் படித்துக்கொள் என்கிறது.

நம் கான்ட்ராக்டிலும் அப்படி வைக்கலாமா என்று டீமில் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். வி4 இன் மையக் கான்ட்ராக்ட் மாறாது, அதனால் ஸ்லாட் வரிசையும் மாறாது. நம்முடையது பிராக்ஸிக்கு (உள்ளே உள்ள கோடை மாற்ற வழிவிடும் முன்வாசல் கான்ட்ராக்ட்) பின்னால் இருக்கிறது. அடுத்த பதிப்பில் ஒரு வேரியபிளை இடம் மாற்றினால், நம்மைப் படிப்பவர்களுக்கு எந்த எரரும் வராது, தப்பான எண்தான் போகும். தேவையான கெட்டர்களை மட்டும் நாளை எழுதுகிறேன்.