சின்னப் பசங்களோட லண்டன்: விசா, ஸ்ட்ரோலர், லிஃப்ட் இருக்குன்னு சொன்ன ஹோட்டல்

2025 மே கடைசில ரெண்டு பசங்களயும் கூட்டிட்டு லண்டன் போயிட்டு வந்தோம். பையனுக்கு 6, பாப்பாவுக்கு 3. பிக் பென் எப்படி இருந்துச்சு, டவர் பிரிட்ஜ் எப்படி இருந்துச்சுன்னு எழுத ஆயிரம் பேர் இருக்காங்க, நான் சொல்லப்போறது கிளம்புறதுக்கு முன்னாடி பட்ட பாட்டையும் அங்க போயி படி படியா ஸ்ட்ரோலர (குழந்தைய வச்சுத் தள்ளுற வண்டி) தூக்குன கதையையும்தான். பேங்க் ஸ்டேட்மெண்ட், ஐடி ரிட்டர்ன், ஆபீஸ் லீவ் லெட்டர் இதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுடறேன்.

யூகே விசாவுல குழந்தைன்னு ஒரு சலுகையும் கிடையாதுங்க. பிறந்த குழந்தையா இருந்தாலும் தனி ஃபார்ம், தனி அப்பாயின்ட்மென்ட், பெரியவங்களுக்கு என்ன ஃபீஸோ அதே ஃபீஸ். கிளம்புறதுக்கு 3 மாசம் முன்னாடியே அப்ளை பண்ணலாம், அதனால மார்ச் ஆரம்பத்துலயே எல்லா பேப்பரையும் எங்க ஊர் ஏஜென்ட் கைல குடுத்தாச்சு. அந்த ஆளு "ஃபைல் ரெடி ஆகிட்டே இருக்கு மேடம்", "ரெண்டே நாள் மேடம்"னு மாசம் முழுக்க ஓட்டிட்டாரு. ஏப்ரல் 9ல விசா ஃபீஸ் 115 பவுண்டுல இருந்து 127 ஆயிடுச்சு. நாலு பேருக்கு 48 பவுண்டு, சும்மா உக்காந்த எடத்துல போச்சு. கேட்டா "கவர்ன்மென்ட் ஏத்துனதுக்கு நான் என்ன மேடம் பண்ண முடியும்"ங்கறாரு. ஏத்தப்போறாங்கன்னு முன்னாடியே அறிவிச்சிருந்தாங்க, அது தெரியாம என்ன ஏஜென்டோ.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஃபார்ம பிடிஎஃபா அனுப்புங்க, நான் பாத்துட்டுதான் சொல்லுவேன்னு ஒத்தக்கால்ல நின்னேன். அவருக்குப் பிடிக்கல, "நாங்க பாக்காததா மேடம்"னாரு. நல்லவேளை விடல. பசங்க ஃபார்ம்ல கூட வர்ற பெரியவங்க யாருன்னு ஒரு பகுதி வரும், அங்க எங்க வீட்டுக்காரர் பேரும் பாஸ்போர்ட் நம்பரும் மட்டும்தான் இருந்துச்சு, என் பேரே இல்ல. இது சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. குழந்தை விசாவுலயே யார் கூட வருதுன்னு பேரோட போடுவாங்க, ரெண்டு பேர் வரைக்கும் போடலாம், அந்தப் பேர்ல இருக்கறவங்க கூட இல்லன்னா உள்ள விடாம திருப்பி அனுப்பக்கூட அவங்களுக்கு உரிமை இருக்கு. கடைசி நேரத்துல இவருக்கு லீவ் கேன்சல் ஆகி நான் மட்டும் பசங்களோட கிளம்புனா என்ன கதி? எல்லாருமே இதச் செக் பண்ணுங்க, அப்பா அம்மா ரெண்டு பேர் பேரும் இருக்கணும்.

அடுத்து பேரு. என் பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டம் காலி, நம்ம ஊர்ல பாதி பேருக்கு அப்படித்தான் இருக்கும். பசங்களுக்கு அப்பா பேரு சர்நேம்ல இருக்கு. ஏஜென்ட் டிக்கெட்ல என் பேர ஒரு மாதிரி, விசா ஃபார்ம்ல வேற மாதிரி, ஹோட்டல் புக்கிங்ல இன்னொரு மாதிரி அடிச்சு வச்சிருந்தாரு. டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே ஏர்லைன் கஸ்டமர் கேர்ல கேட்டு, சர்நேம் இல்லாதவங்களுக்கு அவங்க என்ன ஃபார்மேட் வச்சிருக்காங்களோ அதுலயே போடச் சொல்லுங்க, ஒவ்வொரு ஏர்லைனும் ஒவ்வொரு மாதிரி.

இப்ப மெயின் கதைக்கு வர்றேன். நாங்க சேலம், கைரேகை போட்டோ எடுக்க சென்னை போகணும். ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல நைட் ஏறி, பாப்பா மேல் பெர்த்ல இருந்து கீழ வா, கீழ இருந்து மேல போன்னு யாரையும் தூங்க விடல, அப்படியே காலைல போயி விசா சென்டர் வாசல்ல நின்னோம். கவுண்டர்ல இருந்த பொண்ணு லிஸ்ட்ட மேலயும் கீழயும் பாத்துட்டு "மேம், உங்க மூணு பேருக்கும் இருக்கு, பாப்பாவுக்கு இன்னைக்கு ஸ்லாட் இல்ல"ங்குது. ஏஜென்ட் பாப்பாவோட அப்பாயின்ட்மென்ட்ட அடுத்த வாரம் போட்டு வச்சிருக்காரு! ஒரே குடும்பம், 3 வயசு குழந்தை, கூடவே எங்க இடுப்புல உக்காந்திருக்கு, ஒரு போட்டோ எடுக்கறதுக்கு என்னம்மா கஷ்டம்னு கேட்டேன். "சிஸ்டம்ல வராது மேம்." சூப்பர்வைசர கூப்பிடுங்கன்னேன், வந்தவரு இன்னும் மரியாதையா அதையே சொன்னாரு, சொல்லிட்டு எக்ஸ்ட்ரா காசு கட்டுனா இன்னைக்கே பண்ணலாம்னு ஒரு ரேட் கார்ட நீட்டுனாரு. அந்த ரேட்டுக்கு நாங்க குடும்பத்தோட திரும்ப சேலம் போயிட்டு வந்துடலாம். அதத்தான் பண்ணோம். ஏஜென்ட் ஃபோன எடுக்கவே இல்ல.

அதனால அப்பாயின்ட்மென்ட் கன்ஃபர்மேஷன ஆளாளுக்குத் தனியா வாங்கி தேதி நேரம் ரெண்டையும் நீங்களே பாருங்க. அப்புறம் டாக்குமெண்ட் எல்லாத்தையும் வீட்லயே ஸ்கேன் பண்ணி அப்லோட் பண்ணிடுங்க, அங்க போயி ஸ்கேன் பண்ணச் சொன்னா அதுக்குத் தனி காசு. எஸ்எம்எஸ், கூரியர், லவுஞ்ச்னு வரிசையா விப்பாங்க, "குழந்தைங்க இருக்காங்களே மேம், லவுஞ்ச் எடுத்துக்கோங்க"ன்னு அக்கறையா கேப்பாங்க. வேணாம்னு சொல்லிட்டா ஒண்ணும் ஆகாது.

5 வயசுக்குக் கீழ இருந்தா கைரேகை கிடையாது, போட்டோ மட்டும்தான், ஆனா குழந்தை நேர்ல வந்தே ஆகணும். போட்டோ மட்டும்தானேன்னு ஈஸியா நினைச்சுடாதீங்க. பாப்பா கன்னத்துல அவங்க பாட்டி வச்ச திருஷ்டிப் பொட்டு, நல்ல ரூபா காசு சைஸ்ல. அத அழிக்கணும்னுட்டாங்க. மை லேசுல போகுமா, வெட் வைப்ஸ் போட்டுத் தேய்க்கத் தேய்க்க கன்னம் முழுக்க கருப்பு பரவி, அப்புறம் செவந்து, பாப்பா வீல்னு கத்த ஆரம்பிச்சிருச்சு. அழுத கண்ணோட எடுக்க முடியாதாம், வாய மூடணுமாம், நேரா பாக்கணுமாம். உள்ள இருந்த பையன் பாவம் நல்லவன், தன் சாவிக்கொத்த கேமராவுக்கு மேல தூக்கி ஆட்டுனான், பாப்பா அது என்னன்னு வாய மூடி ஒரு செகண்ட் பாத்துச்சு, கிளிக். அந்தத் தம்பி நல்லா இருக்கணும். பொட்டு வைக்காம கூட்டிட்டுப் போங்க, பாட்டிகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

நார்மல் ப்ராசஸிங் 3 வாரம்னு போட்டிருப்பாங்க. சீக்கிரம் வேணும்னா பிரையாரிட்டி, அப்ப ஒரு ஆளுக்கு 500 பவுண்டு கூட, நாலு பேருக்குன்னா அந்தக் காசுக்கு இன்னொரு டூரே போகலாம். நாங்க காத்திருந்தோம், வந்துருச்சு, ஃபிளைட்டுக்குச் சில நாள் முன்னாடிதான்.

ஃபிளைட் கல்ஃப் வழியா, பசங்க தூங்குனாங்க, நாங்க தூங்கல, அவ்ளோதான். பெட்டில மட்டும் ஒரு விஷயம். வெளிநாட்டுல இருந்து கறி, பால் பொருள் எதுவும் யூகேக்குள்ள கொண்டு போகக்கூடாது, ஐரோப்பாவுல இருந்து வர்றதுக்கு வேற ரூல், நம்ம நெய், பால்கோவாவுக்கெல்லாம் தடை. குழந்தைக்குப் பால் பவுடர் 2 கிலோ வரைக்கும் பரவால்ல. எங்க மாமியார் துணிக்கு நடுவுல நெய் பாட்டில சொருகி வச்சத கிளம்புறப்பதான் பாத்தேன், பெரிய பஞ்சாயத்தே ஆச்சு. பருப்புப் பொடி போச்சு, நெய் போகல. அங்க சூப்பர் மார்க்கெட்ல பிளெயின் யோகர்ட் டப்பா டப்பாவா கிடைக்குது, தயிர் சாதத்துக்குக் கவலையே வேணாம்.

ஹோட்டலுக்கு வருவோம். பேடிங்டன் ஏரியாவ புடிச்சது நான்தான், அது சரியான முடிவு, ஹீத்ரூ ஏர்போர்ட்ல இருந்து எலிசபெத் லைன் ரயில்ல நேரா வந்துடலாம், ஹைட் பார்க் நடக்கற தூரம். (பிக்காடில்லி லைன் பாதிக்கும் கம்மியான காசுதான், ஆனா பெட்டி, குழந்தை, கூட்டத்தோட அதுல வராதீங்க.) ஆனா அந்தப் பக்கம் இருக்கற சின்ன ஹோட்டல் நெறைய அந்தக் காலத்து வீட்ட மாத்துனது. லிஃப்ட் இருக்கான்னு மெயில் போட்டே கேட்டிருந்தேன், "யெஸ்"னு பதிலும் வந்துச்சு. போயி பாத்தா லிஃப்ட் இருக்கறது உண்மைதான், வாசல்ல இருந்து அந்த லிஃப்டுக்குப் போகவே படி, லிஃப்ட்ல இருந்து எறங்குனா ரூமுக்கு இன்னும் அரை மாடி படி. ஸ்ட்ரோலர் உள்ள போகாது, மடிச்சாலும் நான் நிக்க எடமில்ல. ரிசப்ஷன்ல கேட்டா தோள குலுக்கறாங்க. மெயில்ல "தெருவுல இருந்து ரூம் கதவு வரைக்கும் ஒரு படி கூட இல்லாம வரலாமா"ன்னு கேளுங்க, அப்பதான் ஒழுங்கான பதில் வரும். லோயர் கிரவுண்ட்னு போட்டா பேஸ்மெண்ட்னு அர்த்தம், அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

டியூப்லயும் (லண்டன் சுரங்க ரயில்) இதே கதைதான். 272 ஸ்டேஷன்ல ஏறக்குறைய மூணுல ஒரு பங்குலதான் படி இல்லாம போக முடியும். மேப்ல வீல்சேர் அடையாளம் நீலமா இருந்தா ரயிலுக்குள்ள வரைக்கும், வெள்ளையா இருந்தா பிளாட்ஃபார்ம் வரைக்கும்தான், அதுக்கப்புறம் இடைவெளியோ உயரமோ இருக்கும். மியூசியத்துக்குப் போற சவுத் கென்சிங்டன்ல நாங்க போனப்ப படி ஏறித்தான் வெளிய வந்தோம். கோவென்ட் கார்டன்ல லிஃப்ட் க்யூ பெருசா இருக்கேன்னு படி பக்கம் போயிடாதீங்க, 193 படி, சுத்திச் சுத்தி.

ரெண்டு நாள்லயே டியூப்ப விட்டுட்டு பஸ்ஸுக்கு மாறிட்டோம், அதுதான் எங்கள காப்பாத்துச்சு. ஸ்ட்ரோலர மடிக்காமயே ஏத்தலாம், வீல்சேர்ல யாராவது வந்தா மட்டும் எடம் விடணும். 11 வயசுக்குள்ள பசங்களுக்கு ஃப்ரீ, டியூப்லயும் ஒரு பெரியவங்களோட நாலு பசங்க வரைக்கும் ஃப்ரீ. பெரியவங்களுக்கு பஸ்ல நாங்க போனப்ப 1.75 பவுண்டு, ஒரு மணி நேரத்துக்குள்ள எத்தன பஸ் மாறுனாலும் அதே காசு. பணமா குடுத்தா வாங்க மாட்டாங்க, கார்டுதான், ஒரு கார்டுக்கு ஒரு ஆளு, நீங்களும் உங்க வீட்டுக்காரரும் ஒரே கார்ட தட்டாதீங்க. 15ம் நம்பர் பஸ்ல மாடில முன் சீட் கிடைச்சா செயின்ட் பால்ஸ், டவர் ஆஃப் லண்டன் எல்லாம் உக்காந்த எடத்துலயே பாத்துடலாம், என் பையன் டிரைவர் நான்தான்னு ஸ்டியரிங் புடிச்சுட்டே வந்தான்.

மே கடைசின்னா நம்ம ஊர் லீவு, சரி. ஆனா அங்க ஸ்கூல் பசங்களுக்கும் அந்த வாரம்தான் ஹாஃப் டெர்ம் லீவு, இத யாருமே சொல்லல. நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம் ஃப்ரீதான், ஆன்லைன்ல நேரம் போட்டு ஃப்ரீ டிக்கெட் எடுத்து வச்சிருந்ததால வரிசைய தாண்டி உள்ள போனோம், எடுக்காதவங்க க்யூ ரோடு வரைக்கும் நின்னுச்சு. உள்ள கூரைல தொங்குற 25 மீட்டர் நீலத் திமிங்கல எலும்புக்கூட பாத்து பாப்பா "செத்துப்போச்சா"ன்னு கேட்டுட்டே இருந்தா. உறுமிட்டே தலைய ஆட்டுற டி ரெக்ஸ் பொம்மை இருக்கற பக்கம் வரவே மாட்டேன்னுட்டா, பையன் அங்க இருந்து நகர மாட்டேங்கறான், ஆளுக்கு ஒண்ணா பிரிஞ்சுட்டோம். முடிஞ்சா மே நடுவுலயே போயிட்டு வந்துடுங்க.

நேர வித்தியாசம் நாலரை மணி நேரம். விடியக்காலம் மூணரைக்கு நம்ம ஊர் எட்டு மணின்னு பசங்க எந்திரிச்சு குதிக்க, கீழ் ரூம்காரர் சுவத்த தட்ட... நைட் ஒம்போது மணி வரைக்கும் வெளிய வெளிச்சம் வேற, தூங்குன்னா எப்படி தூங்கும். ஹைட் பார்க் காலைல 5 மணிக்கே திறந்துடறாங்க, பிஸ்கட் பாக்கெட்டோட அங்க போயிடுவோம்.

பாத்ரூம் விஷயம்: டியூப் ஸ்டேஷன்ல நெறைய எடத்துல பாத்ரூமே கிடையாது. வாட்டர்லூ, விக்டோரியா, கிங்ஸ் கிராஸ் மாதிரி பெரிய ரயில் ஸ்டேஷன்ல 2019ல இருந்து ஃப்ரீ. கழுவிக்க தண்ணி எங்கயும் இருக்காது, ஒரு காலி பாட்டில் எப்பவும் பையில இருக்கட்டும்.

திரும்பி வந்தப்ப சென்னைல பெல்ட்ல ஸ்ட்ரோலர் வந்துச்சு, முன் சக்கரம் ஒண்ணு காணோம். கவுண்டர்ல "மெயில் போட்டுடுங்க மேடம், பாத்துக்கலாம்"னாங்க. நகரல. ஏர்போர்ட்ட விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே டேமேஜ் ரிப்போர்ட் எழுதி, ரெஃபரன்ஸ் நம்பரோட ஒரு காப்பி கைல வாங்கிடணும், வாங்காம வந்துட்டா உடைஞ்சது ஃபிளைட்லயா வீட்லயான்னு கேப்பாங்க. எழுத்துல புகார் குடுக்க 7 நாள்தான் டைம். பாப்பா தரைல படுத்து உருள, நான் அங்கயே நின்னு எழுதி வாங்கிட்டேன். ஸ்ட்ரோலர் வாங்குன பில்ல அனுப்பச் சொல்லி இப்ப மெயில் வந்திருக்கு. அனுப்பிட்டேன், பாப்போம்.