பெரட்டு நேரத்து ஒலிப்பதிவு

ஆடி மாதம் வந்தால் எங்கள் ஸ்டூடியோவில் வேலை படுத்துவிடும். கல்யாணம் கிடையாது, நிச்சயதார்த்தம் கிடையாது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் கடைத்தெருவில் ஒரு மாடியில் இருக்கிறது எங்கள் இடம். கல்யாண வீடியோவுக்கு எடிட்டிங்கும் சவுண்டும் நான்தான் பார்க்கிறேன், 9 வருடமாக. அப்படி ஓர் ஆடியில்தான் முதலாளி அண்ணன் சொன்னார்: "தோட்டத்துல மரம் வெட்டுனவங்க ஒவ்வொருத்தரா போய்க்கிட்டே இருக்காங்கம்மா. இருக்கிறவங்க பேச்சையாவது பிடிச்சு வைப்போம். பாட்காஸ்ட்டா போடலாம்." அவருடைய அம்மாவும் லிந்தாங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது மரப்பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். அவர் தவறியபோது வீட்டில் படங்கள் நிறைய இருந்தன, குரல் ஒரு நிமிடம்கூட இல்லை.

நான் உடனே சாமான் வாங்குவதில் இறங்கினேன். இணையத்தில் எல்லோரும் புகழ்ந்த ஒரு கண்டென்சர் மைக்கை வரவழைத்தோம். இந்த வகை மைக்கில் மிக மெல்லிய தகடு ஒன்று மின்னூட்டம் பெற்ற இன்னொரு தகட்டின் எதிரே அதிர்கிறது. 48 வோல்ட் கொடுத்தால் மூச்சுக்காற்று வரை கேட்கும். சுவருக்குப் பஞ்சு வைத்த அறையில் அது வரம். எங்கள் வரிசையில் இரண்டு கடை தள்ளி ஒரு வாலிட் பறவை வீடு இருக்கிறது, உண்ணக்கூடிய கூட்டுக்காகக் குருவிகளைத் தங்க வைக்கும் கட்டடம். கூடு கட்டப் பறவைகளை வரவழைப்பதற்காக அதன் மாடி ஸ்பீக்கரில் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை கீச் கீச்சென்று ஓடிக்கொண்டே இருக்கும். இந்த ஊரில் வளர்ந்த எங்களுக்கு அது காதில் விழுவதே இல்லை. மைக்குக்கு விழுந்தது.

முதலில் பேச வந்தவர் 84 வயதுப் பாட்டி ஒருவர். ஹெட்போனில் கேட்டால் அவர் பேச்சு முழுவதும் பறவைச் சத்தம். அலைவரிசைகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஈக்குவலைசரில் வெட்டிவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் அந்தக் கீச்சொலி இருக்கும் உச்ச அலைவரிசையில்தான் மனிதப் பேச்சின் மெய்யெழுத்துகளும் தெளிவு பெறுகின்றன. பறவையை வெட்டினால் பாட்டியின் ச, ட எல்லாம் மழுங்கிப் போயின. ஒரே சொடுக்கில் இரைச்சலை நீக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றில் போட்டுப் பார்த்தேன். பறவை போய்விட்டது. பல் விழுந்த பாட்டிக்கு 'ச' சொல்லும்போது வரும் சின்ன விசிலும் போய்விட்டது. அவர் மகளிடம் போட்டுக் காட்டினேன். பாதி கேட்டுவிட்டு, "இது யாரு பேசறது?" என்று கேட்டார். நான் நிறைய எடிட்டிங் செய்திருக்கிறேன். ஒருவருடைய பெண்ணுக்கே அடையாளம் தெரியாதபடி எதையும் செய்ததில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அடுத்து டைனமிக் மைக். காந்தத்துக்கு நடுவே சுருள்கம்பி அசைந்து மின்சாரம் உண்டாகும் எளிய அமைப்பு இது. தூரத்துச் சத்தத்தை அவ்வளவாக எடுக்காது, வாய்க்கு நான்கு விரல் தூரத்தில் வைத்துப் பேச வேண்டும். பாட்காஸ்ட் படங்களில் எல்லோர் முன்னாலும் நிற்கும் ஷூர் எஸ்எம்7பியைத்தான் நானும் முதலில் நினைத்தேன். அதற்குச் சுமார் 60 டெசிபல் பெருக்கம் வேண்டும். மைக்கைக் கணினியோடு இணைக்க எங்களிடம் இருந்த சின்ன இன்டர்ஃபேஸ் அவ்வளவு கொடுத்தால் 'ஸ்...' என்று இரையும், அதற்கு நடுவில் இன்னொரு பூஸ்டர் வாங்க வேண்டும். அண்ணன் பேசாமல் போய் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தார். கோயில் திருவிழாவுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் எடுத்துப் போகும் எஸ்எம்58 இரண்டு உள்ளே கிடந்தன. 1966-லிருந்து விற்பனையில் இருக்கும் மைக். அதற்கும் பெருக்கம் வேண்டும்தான், ஆனால் கொஞ்சம் குறைவு. எங்கள் இன்டர்ஃபேஸ் சமாளித்தது. பறவைச் சத்தமும் பெரும்பாலும் ஒழிந்தது.

ஆனால் வேறொன்று வந்தது. அந்த மைக்கைக் கண்டதும் பாட்டி எழுந்து நின்றுவிட்டார். "அனைவருக்கும் எனது பணிவான வணக்கம்" என்று தொடங்கினார். அவர் வாழ்க்கையில் அந்த மைக்கைப் பார்த்ததெல்லாம் கோயில் மேடையிலும் சங்கக் கூட்டத்திலும்தான். உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்தாலும் கூட்டத்தில் பேசுகிற தமிழ்தான் வந்தது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பேசிய தமிழ் வரவில்லை. மங்கு, ஒட்டுப்பால், நிரை, ஆயக்கொட்டகை என்று தோட்டத்துச் சொற்களாகவே மணிக்கணக்காகச் சொல்லக்கூடியவர், "தோட்டத்தில் நாங்கள் மிகவும் சிரமப்பட்டோம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். எந்த மைக் விமர்சனத்திலும் இதைப் பற்றி ஒரு வரி நான் படித்ததில்லை. மைக்கின் தோற்றமும் பதிவாகிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அதனால் மேசை மைக்கை விட்டுவிட்டு, புடவையில் குத்திக்கொள்ளும் காலர் மைக்குக்குப் போனோம். ஸ்டூடியோவுக்கு அழைப்பதையும் நிறுத்தி, தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், இருந்த பாட்டியின் வீட்டுக்கே போனோம். காலர் மைக் எல்லாத் திசையிலும் கேட்கும், அவர் பேத்தி பக்கம் திரும்பினாலும் சாமி படத்தின் பக்கம் திரும்பினாலும் குரல் இறங்காது. புடவை உரசும் சத்தத்துக்கு, மைக்கின் இரு பக்கமும் மருத்துவ டேப்பை முக்கோணமாக மடித்து ஒட்டினால் முக்கால்வாசி அடங்கும். மின்விசிறிதான் தலைவலி. போட்டால் மைக்கில் காற்று, நிறுத்தினால் பாட்டிக்கு வேர்த்துக் கொட்டும். மத்தியானத்துக்கு மேல் மழை வந்தால் தகரக் கூரையில் அது தனிக் கச்சேரி.

இதைத் தீர்த்தது பாட்டியேதான். "ஏன் பாப்பா வெயில்ல வர்றீங்க? நான் 4 மணிக்கெல்லாம் எழுந்திருச்சிடுறேன். அப்ப வாங்களேன்" என்றார். விடியலின் குளிர்ச்சியில்தான் மரத்துக்குள் அழுத்தம் அதிகமாக இருக்கும், பால் நன்றாக ஓடும். அதனால்தான் இருட்டோடு பெரட்டு வைத்துப் பெயர் கூப்பிட்டு அனுப்புவார்கள். மரம் வெட்டுவதை விட்டுப் பல வருடமாகியும் அவர் உடம்பு அந்த நேரத்துக்கே விழிக்கிறது. நாங்கள் மறுவாரம் 5 மணிக்குப் போனோம். விசிறி வேண்டியதில்லை, மோட்டார் சைக்கிள் இல்லை, பள்ளிவாசலின் விடியற்காலை சுபுஹ் பாங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. கறுப்புக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு அவர் பேச ஆரம்பித்தார். அதற்கு முன் மூன்று தடவை பதிவு செய்து கிடைக்காத பேச்சு அந்த ஒரு மணி நேரத்தில் கிடைத்தது. இன்றுவரை தோட்டத்துக்காரர்களை நாங்கள் அந்த நேரத்தில்தான் பதிவு செய்கிறோம்.

அன்றைக்கு ஒரு தப்பும் நடந்தது. பாட்டி தணிந்த குரலில் பேசுகிறார் என்று ரெக்கார்டரில் அளவை ஏற்றி வைத்திருந்தேன். கங்காணி எப்படிக் கூப்பிடுவார் என்று காட்டுவதற்காக, அவர் திடீரென்று அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தார். திரையில் அலையின் தலை வெட்டிய மாதிரி தட்டையாகிவிட்டது. அப்படி வெட்டுப்பட்டதை எந்த மென்பொருளும் முழுமையாகத் திருப்பித் தராது. 24 பிட்டில் பதிவு செய்கிறவர்கள், சத்தத்தின் உச்சத்துக்கு மேலே 12 டெசிபலாவது இடம் விட்டு வைக்க வேண்டும், அதனால் இரைச்சல் அதிகமாகிவிடாது. நான் விடவில்லை.

அதற்குப் பிறகுதான் 32 பிட் ஃபுளோட் ரெக்கார்டர் வாங்க அண்ணனிடம் கேட்டேன். 2022-இல் வந்த ஸூம் எஃப்3 போன்றவற்றில் அளவு ஏற்றி இறக்கும் குமிழே கிடையாது. முணுமுணுப்பும் கூச்சலும் ஒரே பதிவில் அடங்கும், பிறகு எடிட்டிங்கில் ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். மைக்கே தாங்காத சத்தம் என்றால் அதுவும் காப்பாற்றாது, அதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். கோப்பும் பெரிதாகும்: 48 கிலோஹெர்ட்ஸ் மோனோவில் ஒரு மணி நேரத்துக்கு 24 பிட் என்றால் சுமார் 518 எம்பி, 32 பிட் என்றால் சுமார் 691. பேசுகிறவர்கள் எப்போது சிரிப்பார்கள், எப்போது ஒப்பாரி பாடுவார்கள் என்று தெரியாமல் பதிவு செய்கிற எங்களைப் போன்றவர்களுக்கு, விலை உயர்ந்த மைக்கைவிட இது முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம்.

மென்பொருளில் அவ்வளவு அலைச்சல் இல்லை. ஸ்டூடியோவில் மாதச் சந்தாவில் ஒன்று ஏற்கெனவே இருந்தது, நான் அதிலேயே செய்திருக்கலாம். ஆனால் இந்த வேலையை என்னோடு சேர்ந்து செய்ய வந்தவர்கள் எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வை முடித்த இரண்டு பெண்பிள்ளைகளும் ஒரு தம்பியும். அவர்களிடம் இருந்தவை பழைய விண்டோஸ் லேப்டாப்கள். காரேஜ்பேண்ட் ஆப்பிள் கருவிகளில் மட்டும்தான் ஓடும், அதனால் அது பேச்சுக்கே வரவில்லை. ஆடாசிட்டியில் தொடங்கினோம். 1999-இல் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்த இலவச மென்பொருள் அது. விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். முன்பெல்லாம் ஓர் எஃபெக்ட்டைப் போட்டால் அலையே மாறிவிடும். 2022-இல் வந்த 3.2 பதிப்பிலிருந்து கேட்டுக்கொண்டே ஏற்றவும் எடுக்கவும் முடிகிறது. அத்தியாயத்தைக் கோப்பதற்கு நான் ரீப்பர் என்ற மென்பொருளை வைத்திருக்கிறேன். 60 நாள் முழுதாக இலவசமாகப் பார்க்கலாம், சிறு வருமானக்காரர்களுக்கு உரிமம் 60 அமெரிக்க டாலர். பிள்ளைகளில் ஒருத்தி இப்போது என்னைவிட வேகமாக அதில் வேலை செய்கிறாள்.

இரைச்சல் நீக்கத்தில் மட்டும் ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்தேன். பேச்சு தொடங்கும் முன் யாரும் பேசாமல் 20 விநாடி அந்த அறையை மட்டும் பதிவு செய்ய வேண்டும். அதைத்தான் ஆடாசிட்டிக்கு இரைச்சலின் மாதிரியாகக் காட்டுவோம். எத்தனை டெசிபல் குறைப்பது என்பதை நாமே வைக்கலாம், நாங்கள் 6-க்கு மேல் போவதில்லை. கொஞ்சம் இரைச்சல் இருக்கட்டும். தண்ணீருக்குள் பேசுவது போல ஆவதைவிட அது மேல்.

மௌனத்தைத் தானாகச் சுருக்கும் வசதியும் அதில் உண்டு. நேரம் மிச்சமாகும் என்று தம்பி அதைப் போட்டுவிட்டான். 1948 ஜூன் 16 அன்று எங்கள் ஊர்ப் பக்கத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதைத் தொடர்ந்து அவசரகாலம் வந்தது. பாட்டிக்கு அப்போது 7 வயது. அன்று உங்கள் அப்பா எத்தனை மணிக்கு வீடு வந்தார் என்று நான் கேட்டிருந்தேன். பதிலுக்கு முன் பாட்டி 11 விநாடி பேசவில்லை. சுருக்கிய கோப்பில் என் கேள்வி முடிந்த உடனே பதில் வந்து விழுந்தது, கடையில் விலை சொல்வது மாதிரி. மூலக் கோப்பைத் திறந்து அந்த 11 விநாடியைத் திரும்ப வைத்தோம். அந்த வசதியை இப்போது யாரும் தொடுவதில்லை.

கடைசியில் சத்த அளவு. காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தை அளக்கும் எல்யூஎஃப்எஸ் என்ற அலகில் மைனஸ் 16-ஐ ஒட்டி இருக்க வேண்டும், உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று ஆப்பிள் சொல்கிறது. அப்படியே செய்தோம். பின்னணியில் தணிவாக உறுமி மேளம் சேர்த்திருந்தேன், ஹெட்போனில் மிக அழகாக இருந்தது. 64 கேபிபிஎஸ் மோனோ எம்பி3 என்றால் 30 நிமிடத்துக்கு 14.4 எம்பிதான், வாட்ஸ்அப்பில் சிரமமில்லாமல் போகும். தோட்டத்துப் பெரியவர்கள் பாட்காஸ்ட் செயலி எதையும் திறக்கப் போவதில்லை என்பதால் அப்படித்தான் அனுப்பினோம். மறுநாள் கடை முன்னால் ஐந்தடி நடைபாதையில் பசியாறிக்கொண்டிருந்த ஒரு தாத்தா என்னைக் கூப்பிட்டு, "மேளந்தான்மா கேக்குது, அக்கா பேசறது கேக்கல" என்றார். அவருடைய போன் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன். அவர் சொன்னது சரி. மேளத்தை எடுத்துவிட்டு அன்று மாலையே திரும்ப அனுப்பினோம். இப்போது எந்த அத்தியாயமானாலும் ஒரு பழைய போனில், சமையலறையில், விசிறியைப் போட்டுவிட்டுக் கேட்ட பிறகுதான் வெளியே விடுகிறோம்.

அந்தப் புதிய கோப்பைப் பாட்டிக்கு நானே போய்ப் போட்டுக் காட்டினேன். என் கேள்வி வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. பாட்டி போனைத் திருப்பிப் பார்த்தார்.

"நின்னுப்போச்சா பாப்பா?"

"இல்ல பாட்டி, ஓடுது."

அவர் போனைக் காதோடு வைத்துக்கொண்டார்.