செங்கல் செங்கலாகத் திரும்பி வந்த கடை

லண்டனில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தபோது, மைடா வேல் பகுதியில் உள்ள கார்ல்டன் டேவர்ன் என்ற பப்புக்கு அவள் என்னை அழைத்துச் சென்றாள். கிருஷ்ணகிரியில் மதுக்கடை இருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டு போயே பழகிய எனக்கு வாசலிலேயே கால் கூசியது. "உள்ள வாங்கப்பா, டீக்கடைன்னு நெனச்சுக்கோங்க" என்றாள். 1937 அக்டோபரில் ராஜாஜி அரசு முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்த பழைய சேலம் ஜில்லாவில் எங்கள் ஊரும் அடக்கம். குடி என்பது மறைவில் செய்யும் காரியம் என்றே எங்கள் வீட்டில் சொல்லி வளர்த்தார்கள்.

உள்ளே மறைவு என்று எதுவும் இல்லை. ஒரு பாட்டி பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சூப் குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய நாற்காலிக்கடியில் ஒரு கிழட்டு நாய் தூங்கியது. மேசைக்கு வந்து யாரும் கேட்பதில்லை. நாமே கவுண்டருக்குப் போய்ச் சொல்ல வேண்டும், அங்கே காத்திருக்கும் நேரத்தில் பக்கத்தில் நிற்பவரோடு பேச்சு தானாகவே தொடங்கிவிடுகிறது. 568 மில்லி பிடிக்கும் பைண்ட் கிளாஸில் எனக்கு எலுமிச்சை சோடா வந்தது. பீர் குடிக்காதவனை அங்கே ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் கட்டடத்தின் கதையை மகள்தான் சொன்னாள். அதே இடத்தில் முன்பிருந்த பப் முதல் உலகப் போரில் 1918இல் விழுந்த ஜெர்மன் குண்டுக்கு இரையானதால், 1920–21இல் புதிதாகக் கட்டினார்கள்; அடுத்த போரில் சுற்றியிருந்தவை நொறுங்கியும் இது தப்பியது. போருக்குத் தப்பியது மனை வியாபாரத்துக்குத் தப்பவில்லை. அடுக்குமாடி கட்ட அனுமதி கிடைக்காத உரிமையாளர்கள், பாரம்பரியக் கட்டடமாக அறிவிக்கப்படுவதற்குச் சில நாட்களே இருந்த நிலையில், 2015 ஏப்ரலில் அனுமதியின்றி அதை இடித்துத் தள்ளினார்கள். ஆனால் அக்கம்பக்கத்தாருக்கு முன்பே சந்தேகம் வந்து, பாரம்பரியக் கட்டடங்களைக் கவனிக்கும் அமைப்பை அவர்கள் அழைத்திருந்ததால், கட்டடம் முழுவதும் படமாகவும் குறிப்பாகவும் பதிவாகியிருந்தது. ஓடுகளுக்கு அச்சும்கூட எடுத்து வைத்திருந்தார்கள். இருந்தபடியே திரும்பக் கட்டித் தர வேண்டும் என்று வெஸ்ட்மின்ஸ்டர் நகராட்சி உத்தரவிட்டது. இடிபாட்டிலிருந்து பொறுக்கிய செங்கற்களும் சேர்த்துக் கட்டப்பட்ட அதன் கதவு 2021 ஏப்ரலில் திறந்தது. வெளியே வந்து சுவரைத் தடவிப் பார்த்தேன். பழைய கல் எது, புதுக் கல் எது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இங்கிலாந்தில் 2011இல் வந்த உள்ளாட்சிச் சட்டப்படி, ஊர்ப் பயனுள்ள இடமென்று பட்டியலில் ஏறிய ஒன்றை விற்கும்போது, வாங்க விரும்பும் ஊர்க்காரர்கள் பணம் திரட்ட ஆறு மாதம் அவகாசம் உண்டு. தெற்கு லண்டனின் ஐவி ஹவுஸ் பப்பை 371 பேர் பங்கு போட்டு நடத்த முன்வந்தது இந்த வழியில்தான்.

எங்கள் தெருமுனை டீக்கடையில் ஒரு கால் குட்டையான பெஞ்சு இருந்தது. ஆடாமலிருக்க ஓட்டுச்சில்லை முட்டுக் கொடுத்திருப்பார்கள். அப்பா பேப்பர் படித்ததும், என் தங்கைக்கு வரன் வந்த சேதி முதலில் காதில் விழுந்ததும் அந்தப் பெஞ்சில்தான். சாலையை அகலப்படுத்தியபோது ஒரே காலையில் கடையை எடுத்துவிட்டார்கள். அதை ஒரு புகைப்படம் எடுத்து வைத்தவர்கூட எங்கள் தெருவில் இல்லை, நான் உட்பட.