வாவிக்கு இக்கரை ஒரு நேரம், அக்கரை ஒரு நேரம்

பகல் வெளிச்சத்தை மிச்சம்பிடிக்கக் கோடையில் ஒரு மணித்தியாலம் முன்னும் பிறகு பின்னுமாக மணிக்கூடு மாற்றுவதை நிறுத்த ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019இல் வாக்களித்தும் இன்னும் இழுபடுகிறது. மட்டக்களப்பில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியாலம்கூட வித்தியாசமில்லை. மிச்சம்பிடிக்க வெளிச்சம் எங்கே?

ஆனாலும் 1996 மே 25இல், மின்வெட்டுக் காலத்தில், இலங்கை அரசு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. ஒக்டோபர் 26இல் அதில் அரை மணித்தியாலம் குறைத்தது. 2006 ஏப்ரல் 15இல்தான் பழைய நேரம் திரும்பியது. புலிகளின் பகுதிகள் ஏற்காததால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, அவர்கள் கையிலிருந்த படுவான்கரையில் பழைய நேரமே ஓடியது.

வில்லங்கம் சாதகத்தில்தான். லக்கினம், அதாவது பிறந்த நேரத்தில் கிழக்கே உதிக்கும் ராசி, ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கொருக்கா மாறும். புதுநேரத்தில் குறித்த பிறப்பென்றால் அரை மணித்தியாலம் கழியுங்கள். அந்த முதல் ஐந்து மாதத்துக்கு முழு மணித்தியாலம். படுவான்கரைப் பிள்ளையா? எந்த மணிக்கூட்டைப் பார்த்துக் குறித்தது என்று அம்மாவிடம் முதலில் கேளுங்கள். கணினி மென்பொருள் சிலது தானாகவே கழித்துவிடும். இரண்டுதரம் கழிக்க வேண்டாம்.