எதனால் வகுக்கிறீர்கள்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு பிள்ளை "மூளை ஆராய்ச்சி படிக்கப்போறேன்" என்று சொன்னால், "அப்போ ஆப்ரேஷன் பண்ணுற டாக்டரா?" என்பதுதான் வீட்டில் வரும் முதல் கேள்வி. அதற்கு இல்லை என்றால், ஈப்போவில் போய் எடுத்துவரும் எம்ஆர்ஐ படம் ஞாபகத்துக்கு வரும். எம்ஆர்எஸ் (காந்த அதிர்வு நிறமாலையியல்) ஆய்வாளரின் வேலை இரண்டிலும் சேராது. இயந்திரம் என்னவோ அதே எம்ஆர்ஐ இயந்திரம்தான். அதை வைத்து மூளைக்குள் எந்த இரசாயனம் எவ்வளவு இருக்கிறது, எந்த வேகத்தில் மாறுகிறது என்று அளக்கிறார்கள். உடம்பின் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வில் இருக்கும்போதே உடம்பு செலவழிக்கும் சக்தியில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அந்தச் செலவுக் கணக்கை எழுதுவதுதான் இந்தத் துறை.

நுழைய மருத்துவப் பட்டம் தேவையில்லை. எஸ்டிபிஎம்மோ மெட்ரிகுலேஷனோ முடித்து, இயற்பியல், வேதியியல், உயிர்மருத்துவப் பொறியியல் என எதில் பட்டம் எடுத்தாலும் வழி உண்டு. சைகையை அலைவெண்களாகப் பிரிக்கும் ஃபூரியே உருமாற்றமும் கொஞ்சம் பைத்தான் நிரலாக்கமும் கைவசம் இருந்தால் போதும். நரம்பியலை உள்ளே போன பிறகு படித்துக்கொள்ளலாம். கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வருகிறவர்கள்தான் திணறுகிறார்கள்.

முதலில் கையில் கொடுப்பது மனிதத் தலை அல்ல, மூளை இரசாயனங்களின் கரைசல் நிரப்பிய ஃபேண்டம் எனும் உருண்டை. பரவலாகப் பயன்படும் கரைசலின் அளவு இது: என்ஏஏ (நரம்பணுக்களில் மிகுந்திருக்கும் ஒரு பொருள்) 12.5, கிரியேட்டின் 10, கோலின் 3, மையோ-இனோசிட்டால் 7.5, குளூட்டமேட் 12.5, லாக்டேட் 5, எல்லாம் மில்லிமோலாரில். பிஎச் 7.2இல் நிற்க பாஸ்பேட் தாங்கல், கிருமி வளராமலிருக்க 0.1 சதவீதம் சோடியம் அசைடு. அசைடு விஷம். செம்பு, ஈயக் குழாய்களில் சேர்ந்தால் வெடிக்கும் உப்பாக மாறும் என்பதால் மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றவே கூடாது. உருண்டைக்குள் ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் காந்தப்புலம் கோணிவிடும். ஏர்கான் அறையில் கிடந்த ஃபேண்டத்தில் நீரின் முகடு (அளவீட்டு வரைபடத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் எழும் கூர்), உடம்பில் நிற்கும் இடத்திலிருந்து ஏறத்தாழ 0.15 பிபிஎம் (அந்த வரைபடத்தில் இடத்தைக் குறிக்கும் அலகு) தள்ளி நிற்கும். ஒரு டிகிரி குளிர்ந்தால் 0.01 பிபிஎம் நகரும், அவ்வளவுதான். அதைத் தெரியாமல் மென்பொருளைக் குறை சொல்லி நாளைக் கழிப்பவர்கள் உண்டு.

இந்த வேலையின் அடிப்படைத் தொல்லை, அளவு வித்தியாசம். என்ஏஏ மூளையில் 10 மில்லிமோலார் போல இருக்கும், நீரோ அதைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு. நீரின் சைகையை அமுக்கிய பிறகுதான் மற்றவை தலைகாட்டும்: என்ஏஏ 2.0 பிபிஎம்மில், கிரியேட்டின் 3.0இல், கோலின் 3.2இல், மையோ-இனோசிட்டால் 3.5 பக்கத்தில். சைகை அத்தனை சின்னது என்பதால் 2 செ.மீ. பக்கமுள்ள பெட்டி, அதாவது 8 மில்லிலிட்டர் மூளை, வேண்டியிருக்கிறது. இரண்டு வினாடிக்கு ஒரு தடவை, 128 தடவை என்றால் நாலே கால் நிமிடம். பெட்டியின் பக்கத்தை 1 செ.மீ. ஆக்கினால் கொள்ளளவு எட்டில் ஒன்று. தெளிவு நேரத்தின் வர்க்கமூலமாகத்தான் கூடும் என்பதால், பழைய தெளிவு வேண்டுமானால் நேரம் 64 மடங்கு, நாலரை மணி நேரம். "இன்னும் சின்ன இடத்தில் அளக்க முடியாதா?" என்று கேட்கிறவருக்கு இந்தக் கணக்கைக் காட்டினால் போதும்.

ஸ்கேன் அறையில் உண்மையான கைத்திறன் ஷிம் செய்வதில்தான் இருக்கிறது, அதாவது பெட்டிக்குள் காந்தப்புலத்தைச் சமமாக்குவது. 3 டெஸ்லா வலிமையுள்ள காந்தத்தில் முகட்டின் அகலம் 13 ஹெர்ட்ஸைத் தாண்டினால் அந்தத் தரவை நம்பாதீர்கள். நெற்றிக்குப் பின்னாலும் காது ஓரத்திலும் காற்றறைகள் இருப்பதால் அங்கே ஷிம் சரியாக உட்காராது. பெட்டி மண்டையோட்டை உரசினால் 0.9, 1.3 பிபிஎம்மில் கொழுப்பு ஏறிவிடும். லாக்டேட்டும் 1.3இல்தான் இருக்கிறது. ஆகவே எதிரொலி நேரத்தை (துடிப்பு கொடுத்த பிறகு சைகை திரும்பி வரும் வரை விடும் நேரம்) 144 மில்லிவினாடி வைத்து, லாக்டேட் தலைகீழாகத் தெரிகிறதா என்று பார்ப்பது வழக்கம். 1.5 டெஸ்லாவில் சரி. 3 டெஸ்லாவில், பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் சாதாரண பிரஸ் முறையில் இது ஏமாற்றும். நீருக்கும் லாக்டேட்டுக்கும் இடையே 3.4 பிபிஎம், அதாவது 434 ஹெர்ட்ஸ். ரேடியோத் துடிப்பின் அலைவரிசை அகலம் 1200 ஹெர்ட்ஸ் என்றால், நீருக்காக வரைந்த 20 மி.மீ. பெட்டியிலிருந்து லாக்டேட்டின் பெட்டி 7 மி.மீ. விலகி நிற்கும். லாக்டேட்டின் இரு முகடுகளின் பெட்டிகளும் இப்படியே ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதால், சைகையின் ஒரு பகுதி இன்னொரு பகுதியை அழித்துவிடும். லாக்டேட் இல்லை என்று எழுதிவிடுவார்கள். செமி-லேசர் எனும் மாற்று முறையில் இந்த விலகல் வெகுவாகக் குறையும். இயந்திரத்தில் அது இருந்தால் யோசிக்காமல் அதையே எடுங்கள்.

முகடு கிடைத்தாகிவிட்டது. அதை எதனால் வகுப்பது? என் பார்வையில் இந்தத் துறையில் பாதிச் சண்டை இதில்தான். பழைய வழக்கம் கிரியேட்டினால் வகுப்பது, அது மாறாது என்ற நம்பிக்கையில். 1994இல் கிரியேட்டின் முகடே இல்லாத ஒரு குழந்தையை எம்ஆர்எஸ் காட்டிக்கொடுத்தது. உடம்பில் கிரியேட்டின் தயாரிக்கும் நொதியில் பிறவிக் குறை. வாய்வழி கிரியேட்டின் கொடுத்ததும் மூளையில் முகடு எழுந்தது. அந்தக் குழந்தைக்கு விகிதம் போட்டால் என்ன வந்திருக்கும்?

ஆகவே நீரால் வகுக்கிறார்கள். அதே பெட்டியில், அதே பெருக்க அளவில், அமுக்காத நீரைத் தனியாக அளந்து வைப்பது முறை. அதிலும் ஒரு பொறி இருக்கிறது. ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோரில் கிராணி வாளியின் எடையோடு நிறுத்திக்கொள்ளாமல் மெட்ரோலாக் எனும் அளவுமிதவையை இறக்கிப் பார்ப்பார், மழைத் தண்ணீர் சேர்ந்த பாலில் காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று. மூளையிலும் தண்டுவடத் திரவம் இந்த மழைத் தண்ணீர்தான். பெட்டிக்குள் அது 20 சதவீதம் இருந்தால், செல்கள் நன்றாக இருந்தும் என்ஏஏ ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்து தெரியும். வயதானவர்களுக்கு மூளை சுருங்கித் திரவம் கூடும் என்பதால், முதுமை பற்றிய ஆய்வில் இந்தத் திருத்தம் செய்யாத எண்ணுக்கு மதிப்பே கிடையாது. டி1 எனும் எம்ஆர்ஐ படத்தைச் சாம்பல் திசு, வெள்ளைத் திசு, திரவம் என்று பிரித்துப் பங்கை எடுத்து ஈடுகட்ட வேண்டும்.

காபா எனும், நரம்புச் சைகையை அடக்கும் பொருளை அளப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி. 3.0 பிபிஎம்மில் அது கிரியேட்டினுக்கு அடியில் ஒளிந்திருக்கும். மெகா-பிரஸ் முறையில் 1.9 பிபிஎம்மில் துடிப்பு கொடுத்தும் கொடுக்காமலும் எடுத்துக் கழிக்கிறார்கள், எதிரொலி நேரம் 68 மில்லிவினாடி, பெட்டி 3 செ.மீ. பக்கம். கழித்தலில் வாழும் முறை என்பதால் அலைவெண் கொஞ்சம் நகர்ந்தாலும் கிரியேட்டின் மிச்சம் காபா வேடம் போடும். மூளை வேலை செய்வதைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ ஓட்டினால் இயந்திரத்தின் இரும்பு சூடேறி, பிறகு ஆறும்போது புலம் நகரும். எனவே எம்ஆர்எஸ் முதலில், எஃப்எம்ஆர்ஐ பிறகு. ஆள் தூங்கிக் குறட்டை விட்டாலும் இதே கதிதான்.

நம் ஊரில் வீட்டுக்கு ஒருவருக்கு இனிப்பு நீர் என்பதால், "மூளையில சர்க்கரை எவ்வளவுன்னு பார்க்க முடியுமா?" என்று கேட்பார்கள். இதுவரை சொன்ன ஹைட்ரஜன் (புரோட்டான்) அளவீட்டில் கஷ்டம். குளுக்கோஸின் ஒரு முகடு 5.23இல், நீரை அமுக்கும்போது கூடவே போய்விடும். மற்றவை கூட்டத்தில் மறையும். அதற்குத்தான் கார்பனின் கனமான வகையான கார்பன்-13. இயற்கையில் அது 1.1 சதவீதமே என்பதால், குறியிட்ட குளுக்கோஸை ஏற்றினால் அது குளூட்டமேட்டுக்கும் அங்கிருந்து குளூட்டமைனுக்கும் போவதைப் பின்தொடரலாம். 1998இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் குழு எலி மூளையில் இப்படித்தான், குளூட்டமேட் சுழற்சியும் குளுக்கோஸ் எரிப்பும் ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று கூடுவதைக் காட்டியது. இப்போது ஹைட்ரஜனின் கனமான வகையான டியூட்டீரியம் வந்திருக்கிறது, அதனால் குறியிட்ட குளுக்கோஸைக் குடித்தாலே போதும். அங்கே இயற்கையாக மூளையில் உள்ள டியூட்டீரியம் ஏறிய நீர், சுமார் 10 மில்லிமோலார், வகுக்க உதவுகிறது. குளுக்கோஸ் எரிய எரிய அந்த நீரும் கூடும் என்பதால் குடிப்பதற்கு முன்பே அதை அளந்துவிட வேண்டும்.

பழக இயந்திரம் வேண்டாம். எஃப்எஸ்எல்-எம்ஆர்எஸ் எனும் மென்பொருள் பைத்தானில் ஓடும், மாதிரித் தரவோடு இலவசமாகக் கிடைக்கும். எல்சிமாடல் எனும் இன்னொரு மென்பொருளும் இப்போது இலவசம். ஒரே தரவைக் கிரியேட்டினால் ஒருமுறை, நீரால் ஒருமுறை வகுத்துப் பாருங்கள். அட்டவணைக்கு முன் மிச்சக் கோட்டை (தரவுக்கும் மென்பொருள் பொருத்திய வளைவுக்கும் உள்ள வித்தியாசம்) பாருங்கள், அதில் அலை இருந்தால் பொருத்தம் தவறு. க்ரேமர்-ராவ் எல்லை, அதாவது மதிப்பீட்டில் இருக்கக்கூடிய குறைந்தபட்சப் பிழை, 20 சதவீதத்துக்கு மேல் போனதைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளாதீர்கள். அளவு குறைந்தாலே அந்தச் சதவீதம் ஏறும். 1994 குழந்தையின் கிரியேட்டினை அந்த விதி முதல் வேலையாகக் குப்பையில் போட்டிருக்கும்.