டென்வரில் ஒரு ஞாயிறு, 126 பந்துகள்

பார்க்கிங்காரனைத் திட்டிவிட்டுத்தான் 2017இல் பார்த்த அந்த பேஸ்பால் மேட்சுக்கு வருவேன். டென்வரின் ராக்கீஸ் அணி ஆடும் கூர்ஸ் ஃபீல்டு ஸ்டேடியத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு காலி மனை, கையில் அட்டையோடு ஒரு ஆள், முப்பது டாலர், ரசீது கிடையாது. விமான நிலையத்திலிருந்து யூனியன் ஸ்டேஷனுக்கு ரயிலில் வந்திருந்தால் அப்போது 9 டாலர்தான், அங்கிருந்து ஸ்டேடியம் நடக்கிற தூரம். வாடகைக் கார் யாருடைய யோசனை என்று மனைவி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுகிறார்கள், அது பெரிய விஷயம். எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போனோம். இருந்தாலும் நாக்கு சும்மா இருக்காமல் 'ராக்கி மவுண்டன் ஆய்ஸ்டர்ஸ்' வரிசையில் போய் நின்றேன். சிப்பி என்று நினைத்தேன். காளை மாட்டின் விதையைப் பொரித்துத் தருகிறார்களாம்! காசு கொடுப்பதற்குள் மனைவி போனில் பார்த்துக் காப்பாற்றினாள்.

இடம் மேல் தட்டில், மலிவு டிக்கெட். சுற்றிலும் பச்சை நாற்காலிகள், 20ஆவது வரிசை மட்டும் ஊதா. அதுதான் கடல் மட்டத்திலிருந்து சரியாக ஒரு மைல், 5,280 அடி. அங்கே ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. தர்மசாலாவையே உயரமான மைதானம் என்போம், இது அதைவிட மேலே. காற்று மெலிசு, அடித்த பந்து கூடுதல் தூரம் பறக்கும், பிட்சர், அதாவது பந்து போடுகிறவர், போடும் வளைபந்து சரியாக வளையாது. பந்து காய்ந்துபோகாமல் இருக்க 2002இலிருந்து ஈரப்பதம் உள்ள அறையில் வைத்து எடுத்து வருகிறார்கள். எதிரணி ஆள் பந்தை அடித்து ஓடி ஒரு பேஸையாவது பிடித்தால் அது ஹிட்; அப்படி ஒன்றுகூடக் கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் முடிப்பது, அதாவது நோ-ஹிட்டர், 1995இல் திறந்த இந்த மைதானத்தில் ஒரே முறைதான் நடந்திருக்கிறது. 1996இல், ஹிடியோ நோமோ என்ற பிட்சர்.

இதெல்லாம் பக்கத்து சீட் பெரியவர் சொன்னது. பென்சிலும் அட்டையுமாக ஒவ்வொரு பந்தையும் குறித்துக்கொண்டிருந்தார். பந்து போடுகிற கைல் ஃப்ரீலேண்ட் டென்வர் பையன், தாமஸ் ஜெஃபர்சன் பள்ளியில் படித்தவன், ராக்கீஸ் அணி முதல் ஆட்டம் ஆடிய 1993இலேயே பிறந்தவன் என்று சொந்தப் பேரனைப் போலச் சொன்னார். அந்த 2017 ஏப்ரலில்தான் அறிமுகம், அதுவும் இதே மைதானத்தில் டாட்ஜர்ஸ் அணியை ஜெயித்து.

அன்றைக்கு எதிரணி வொயிட் சாக்ஸ். ஆறாவது இன்னிங்ஸ் வாக்கில் மனைவி, "வொயிட் சாக்ஸ் இன்னும் ஒரு ஹிட்கூட அடிக்கலையே?" என்று அவரிடம் கேட்டுவிட்டாள். மனுஷன் முகம் மாறிப்போய் உதட்டில் விரல் வைத்தார். வாய்விட்டுச் சொன்னால் கெட்டுவிடுமாம்! அப்புறம் எங்கள் வரிசையில் யாரும் பாத்ரூமுக்குக்கூட எழவில்லை. எலுமிச்சை சாதம் மடியிலேயே ஆறியது.

ஒன்பதாவது, கடைசி இன்னிங்ஸ். மொத்தக் கூட்டமும் எழுந்து நிற்கிறது. ஒருவர் அவுட், இன்னும் இரண்டே பேர் அவுட்டானால் நோ-ஹிட்டர். மெல்கி கப்ரேரா தட்டிய பந்து இடது பக்கம் போய் விழுந்தது, ஒரு சிங்கிள், அதாவது முதல் பேஸ் வரை ஓடிய ஒரு ஹிட். அது ஃப்ரீலேண்டின் 126ஆவது பந்து. உடனே அவரை வெளியே அழைத்துக்கொண்டார்கள். ராக்கீஸ் 10-0 என்று ஜெயித்தது, அதை யார் கவனித்தார்கள்? பெரியவர் அந்த ஒரு ஹிட்டையும் அட்டையில் ஒழுங்காகக் குறித்துவிட்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கைதட்ட ஆரம்பித்தார்.

எந்த கேட், எந்த டிக்கெட் என்றெல்லாம் எழுதுவதாக இருந்தேன், அடுத்த பதிவில் பார்க்கலாம். அந்த மனையிலிருந்து காரை வெளியே எடுக்க ஐம்பது நிமிஷம் ஆனது. அட்டை பிடித்த ஆளைக் காணோம்.