கப்பியில் சிக்கிய முடிச்சு

2024 ஆகஸ்ட் 3, சனி. வட்டக்கச்சி

சோளகம் அடித்து ஓய்ந்தும் வெக்கை குறையவில்லை. மின்விசிறிக் காற்றே சுடுகிறது. இந்த வெக்கைக்குள் நேற்றிரவு பனிமலைப் படம் ஒன்று பார்த்தேன். ‘டச்சிங் த வொய்ட்’. கெவின் மக்டொனால்ட் எடுத்தது, 2003இல் வந்தது. மருமகன் பென் டிரைவில் ஏழெட்டுச் சண்டைப் படங்களோடு இதையும் போட்டுத் தந்திருந்தான். தெரிந்து தந்தானோ தெரியாமல் தந்தானோ.

கதை நடந்தது 1985இல், பெரு நாட்டில், சியுலா கிராண்டே மலையில். உயரம் 6,344 மீற்றர். எங்கள் நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையே 2,524 தான். எங்கள் ஊரில் உயரம் என்றால் இரணைமடுக் குளக்கட்டு. இப்படியிருக்க எனக்கென்ன மலையேற்றம்!

ஜோ சிம்சன், சைமன் யேட்ஸ் இருவருக்குமே இருபதுகளில்தான் வயது. அதுவரை யாரும் ஏறி முடிக்காத மேற்குப் பக்கத்தால் ஏறி உச்சியைத் தொட்டுவிடுகிறார்கள். இறங்கும்போது ஜோ விழுகிறான். வலது காலின் கீழெலும்பு முழங்காலுக்குள் ஏறிவிடுகிறது.

படத்தில் உண்மையான ஜோவும் சைமனும் கமராவுக்கு முன்னால் இருந்து கதைக்கிறார்கள், இடையிடையே நடிகர்கள் வருகிறார்கள். ஆகவே இருவரும் தப்பிவிட்டார்கள் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. இருந்தும் எனக்குக் கை வேர்த்தது. வெக்கை என்று சொல்லிச் சமாளிக்கலாம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மோட்டர் பழுது. கப்பியில் அள்ளினேன். போன மாதம் அறுந்த கயிற்றை முடிந்து வைத்திருக்கிறோம். வாளி பாதி வழி வந்ததும் முடிச்சு கப்பியில் சிக்கும். வாளி வெறுமையென்றால் ஒரு தட்டில் போய்விடும். நிறைந்திருந்தால் தோள் கழன்றுவிடும்.

படத்தில் அரைகுறையாக விளங்கிய இடம் கிணற்றடியில்தான் பிடிபட்டது. 45 மீற்றர்க் கயிறு இரண்டை முடிந்து, ஜோவைச் சரிவில் இறக்குகிறான் சைமன். பாதியில் முடிச்சு வரும், கயிற்றைப் பிடிக்கும் தகட்டுக்குள் அது போகாது. அப்போது ஜோ கீழே நல்ல காலில் எழும்பி நிற்பான், கயிறு தளரும், சைமன் முடிச்சை அந்தப் பக்கம் மாற்றுவான். பிறகு மறுபடி இறக்கம். இப்படியே கனதூரம் வந்துவிட்டார்கள். கடைசியில் ஒருமுறை, இருட்டில், புயலுக்குள், ஜோ ஒரு விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் தொங்கிவிட்டான். ஊன்ற இடமில்லை, கத்தினாலும் கேளாது. சைமன் இருந்த பனிக்குழி உதிரத் தொடங்கியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்திருந்தான். பிறகு பைக்குள் இருந்த சிறு கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்துவிட்டான்.

இங்கிலாந்தில் சிலர் சைமனைத் திட்டினார்களாம். ஜோவோ தான் எழுதிய புத்தகத்தையே அவனுக்குத்தான் சமர்ப்பித்தான். நிறைந்த வாளியோடு கயிற்றைப் பிடித்துப் பாராதவர்கள்தான் அறுத்தது சரியா பிழையா என்று கேட்பார்கள். எனக்கு இடறுவது கத்தி இல்லை. மறுநாள் காலை. சைமன் தனியே இறங்கிவந்து அந்தப் பெரிய பனிப்பிளவைக் காண்கிறான். இதற்குள் விழுந்தவன் உயிரோடு இருக்க வழியில்லை என்று முடிவெடுத்து நடக்கிறான். அந்த நடையை என்னால் திரும்பப் பார்க்க முடியவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

வயலில் வெட்டு மெசின் வந்து நின்றதால் எழுத நேரமில்லை. ஒன்று மட்டும். அவர்களுக்கு எரிவாயு முடிந்துவிடுகிறது, பனியை உருக்க வழியில்லை. சுற்றிவரத் தண்ணீர், குடிக்க ஒரு மிடறு இல்லை. போர் முடியும் காலத்தில் மாத்தளனில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நந்திக்கடல் களப்பு. நடுவில் நாங்கள் நாக்கு வறண்டு கிடந்ததை இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

ஆகஸ்ட் 10, சனி

கனநாள் யோசித்துவிட்டு இன்று அவனைக் கூப்பிட்டேன். பெயர் எழுதமாட்டேன். ஸ்கூட்டியில் வந்தான், கச்சான் ஒரு சரை வாங்கிக்கொண்டு. செயற்கைக் காலைக் கழற்றிச் சுவரோடு சாத்திவிட்டுக் கதிரையில் இருந்தான். ஆங்கிலம் அவனுக்கு ஓடாது. நான் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

கயிறு அறுத்த இடத்தில் ஒன்றும் பேசவில்லை. கச்சான் உடைக்கிற சத்தம் மட்டும்.

ஜோ பிளவுக்குள் மேலே ஏற முடியாமல், கீழே இறங்கி வழி கண்டு வெளியே வந்தபோது, “கெட்டிக்காரன்” என்றான். மூன்று நாளுக்கு மேல் சோறு தண்ணி இல்லாமல் தவழ்கிறான் ஜோ. அந்தக் கல்லுக்கு 20 நிமிடத்தில் போகவேணும் என்று மணிக்கூட்டைப் பார்த்துக் கெடு வைக்கிறான். “நானும் ஊன்றுகோல் பழகேக்க இப்பிடித்தான் மச்சான். அடுத்த லைட் போஸ்ட், பிறகு அடுத்த லைட் போஸ்ட்.”

இரவு, முகாமுக்குக் கிட்ட வந்துவிட்டதை ஜோ அறிவது மலநாற்றத்தால். அவர்கள் ஒதுங்கும் இடத்துக்குள்ளேயே தவழ்ந்துவிட்டான்.

“கக்கூஸ் மணத்தை வைச்சு இடம் கண்டுபிடிச்சவன் உலகத்திலயே இவன் ஒருத்தன்தான்” என்றேன்.

“மெனிக் பாமை மறந்திட்டியோ?”

போருக்குப் பிறகு எங்களை வைத்திருந்த அகதி முகாம் அது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனா.

பிறகு அவன் திரையைப் பார்த்தபடியே கேட்டான்: “நீ திரும்பி வந்து பாத்தனியோ?”

பதினைந்து வருடம். இவன் கல்யாணத்துக்கு நான்தான் தோழன். ஒருநாளும் கேட்டதில்லை. 2009 மார்ச்சில் காயத்தோடு இவனைப் பங்கருக்குள் கிடத்திவிட்டு லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் ஒன்று பிடிக்கப் போனேன். எனக்கு 20, இவனுக்கு 19.

“வந்தனான். பங்கர் இடிஞ்சு மூடிக் கிடந்தது.”

“கிண்டிப் பாத்தனியோ?”

“இல்லை.”

அவனை அதற்கு முன்பே வேறு யாரோ தூக்கிப் போயிருந்தார்கள். செஞ்சிலுவைச் சங்கக் கப்பலில் திருகோணமலைக்குக் கொண்டுபோனார்கள். மாதக்கணக்குப் பிறகு மெனிக் பாமில் அவனைக் கண்டபோது நான் பேயைக் கண்டவன்போல நின்றேன்.

“கிண்டியிருந்தா நீயும் செத்திருப்பாய், விசரா. படத்தைப் போடு” என்றான்.

போட்டேன். ஜோ செத்துவிட்டான் என்று நினைத்து, அவனுடைய உடுப்புகளை முகாமில் எரித்துவிட்ட கதை வந்தது. இவன் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னான்.

“பொறு. என்ர பை உன்னட்டத்தானே இருந்தது. அதுக்குள்ள நீலக்கோடு போட்ட சேர்ட் ஒண்டு.”

“நான் போட்டுத் திரிஞ்சனான்.”

“பிறகு?”

“மெனிக் பாமில சவர்க்காரத்துக்கு மாத்திப்போட்டன்.”

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான்.

“முழுக்கட்டியோ?”

“அரைக்கட்டி.”

“நாசமாப் போவான்” என்றான். “பெரியம்மா தீபாவளிக்கு எடுத்துத் தந்த சேர்ட்டடா அது.”